துலக்க வேண்டாத வெள்ளி

கிறிஸ்து பிறப்பு விழாவும் உயிர்ப்பு விழாவும் நெருங்குகையில் நம் இல்லங்களில் நிகழும் துலக்கும் பணியை அறியாதார் இலர். பித்தளை மெழுகுதிரித் தண்டுகள் புளியிட்டுத் தேய்க்கப்படும். செபமாலை வைக்கும் வெள்ளிச் சிமிழ் பற்பொடியால் பளிச்சிடும். கறுத்துக் கிடந்த கொலுசுகள் அன்று புதுப்பிறவி எடுக்கும். ஒரு பொருளைத் துலக்கி வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்பது நம் அன்னையர் வழிவழியாகக் கற்பித்த பாடம். அப்பாடத்தில் குறை காண எங்களுக்கு மனமில்லை. ஆயினும், அதே அலமாரியின் அடித்தட்டில், பாட்டி காலத்துத் தகரப் பெட்டியில், பழைய வெள்ளி ரூபாய்கள் சில இருக்குமாயின், அவற்றை மட்டும் அந்தப் புளியினின்று காத்துக்கொள்ளுமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம்.

நாங்கள் மயிலாப்பூரில் குடியிருப்போர். கணவன் மனைவி இருவருமாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பழங்காசுகள் சேர்த்து வருகிறோம். எங்களைச் செல்வர் என எவரும் எண்ணிவிடலாகாது. ஓய்வூதியத்தில் வீட்டுச் செலவு போக எஞ்சுவதைக் கொண்டு, மாதம் ஒரு காசு வாங்கினாலே பெரிது. வாங்குவதினும் பார்ப்பதே அதிகம். அவ்வாறு பார்த்துப் பார்த்துக் கண் பழகியதில் நாங்கள் கற்றது ஒன்று உண்டு. பழைய வெள்ளி நாணயத்தின்மேல் தானாக ஏறிய நிறம் அழுக்கு அன்று.

வெள்ளி இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. ஆனால் கந்தகத்தைக் கண்டால் அதனோடு கூடாமல் இருப்பதில்லை. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு வெள்ளியைத் தொடும்போது அதன் மேற்பரப்பு வெள்ளி சல்பைடாக மாறுகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடையது இவ்வாயு. மயிலாப்பூர்வாசிகளுக்கு இதனை அறிமுகம் செய்து வைக்க வேண்டுவதில்லை. கோடை மாலைகளில் பக்கிங்காம் கால்வாய் தேங்கி நிற்கையில் அதுவே வீடு தேடி வந்து அறிமுகம் செய்துகொள்ளும். கால்வாயை ஒட்டிய தெருக்களில் வெள்ளிச் சாமான்கள் விரைவிற் கறுப்பதன் காரணமும் இதுவே.

இந்தப் படலம் தொடக்கத்தில் மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கும் தேறாது. மழை நாளில் பெட்ரோல் நிலைய வாயிலில் தேங்கிய நீரின்மேல் எண்ணெய் பரவி வானவில் காட்டுவதை எல்லாரும் கண்டிருப்போம். அங்கே சாயம் எதுவும் இல்லை. படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதாலேயே நிறம் தோன்றுகிறது. வெள்ளிக் காசிலும் நிகழ்வது அதுவே. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் இளமஞ்சள், பின்பு செம்பொன், அடுத்து ஊதா, அதன்பின் நீலம். சில காசுகளில் அதற்கும் அப்பால் மீண்டும் மஞ்சளும் செம்மையும் பச்சையும். முடிவில் சாம்பலும் கருமையும். இவ்வரிசை மாறுவதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்; பின்னர்ப் பயன்படும்.

முதன்மையானது யாதெனில், இப்படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. காசின் சொந்த வெள்ளியே அவ்வாறு ஆகியிருக்கிறது. ஆகவே படலத்தைத் தேய்த்தெடுப்பவர் வெள்ளியையும் உடன் எடுக்கிறார். அதோடு இன்னொன்றும் போய்விடுகிறது. காசு அச்சிடப்படும் கணத்தில் உலோகம் அழுத்தம் தாளாமல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்வரிகளை உண்டாக்கும். புழங்காத காசை விளக்கின் கீழ்ச் சாய்த்துத் திருப்பினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஒளிக்கீற்றுகள் சுழல்வது இவ்வரிகளால்தான். புளியும் பொடியும் இவ்வரிகளை அறுத்துவிடுகின்றன. துலக்கிய காசும் பளபளக்கும், ஐயமில்லை. ஆனால் அந்த ஒளி சுழலாது. எவர்சில்வர்த் தட்டைப் போல ஒரே வெண்மையாக நிற்கும். ஒருமுறை போன சுழலொளியை எந்தத் தட்டானாலும் திருப்பித் தர இயலாது.

இது ஏதோ சேகரிப்போரின் வீண் நுணுக்கம் என்று தோன்றலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். அடையாற்றில் வாழும் சகோதரிகள் இருவருக்கு, இரயில்வேயில் பணியாற்றி மறைந்த தந்தை ஒரு பிஸ்கோத்துத் தகரப்பெட்டி நிறைய வெள்ளி ரூபாய்களை விட்டுச் சென்றிருந்தார். கைத்தறித் துணியில் பொட்டலமாக முடிந்து, பல்லாண்டுகள் திறவாமல் இருந்தவை. தாயார் அவற்றை எண்ணி இருவருக்கும் சரிபாதியாகக் கொடுத்தார். மூத்தவள் தன் பங்கை மகள் திருமணத்தின்போது தட்டில் வைப்பதற்காக ஒரு வெள்ளிக் கடையில் மெருகேற்றி வாங்கினாள். இளையவள் முடிச்சையே அவிழ்க்கவில்லை. சோம்பல்தான் காரணம் என்று அவளே சொல்வாள்.

மூன்றாம் ஆண்டு மூத்தவளின் கணவருக்கு இருதய அறுவை செய்ய வேண்டியதாயிற்று. அப்போதுதான் அவள் காசுகளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். "அக்கா, அத்தான், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். மேசைமீது இரு பங்குகளையும் பரப்பினோம். விக்டோரியா அரசியின் தலை பொறித்த 1862 ரூபாய் இரண்டிலும் இருந்தது. இளையவளின் காசில் விளிம்பு ஓரம் நீலமும், உள்ளே செம்பொன்னும், நடுவில் இளமஞ்சளும் படிந்து, சாய்த்தபோது நிறத்தின் அடியிலிருந்து ஒளிக்கீற்றுகள் சுழன்றன. துணியின் இழைத் தடம்கூட ஒரு பக்கத்தில் பதிந்திருந்தது. மூத்தவளின் காசும் பிறப்பில் அதற்கு இணையானதே என்பது எழுத்துகளின் கூர்மையால் தெரிந்தது. ஆனால் பரப்பெங்கும் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள். ஒரு பழங்காசு வணிகரிடம் காட்டினோம். மூத்தவளின் காசுகளுக்கு அவர் தராசை எடுத்தார். இளையவளின் காசுகளுக்குப் பூதக்கண்ணாடியை எடுத்தார். தராசில் ஏறியவற்றிற்கு வெள்ளி விலை மட்டுமே கிடைத்தது. மற்றவற்றில் நல்லனவாகிய சிலவற்றிற்கு அதைப்போல் பல மடங்கு தர அவர் முன்வந்தார்.

இளையவள் தன் காசுகளில் பதினொன்றை அன்றே விற்று, வந்த தொகையை அக்காவின் கையில் வைத்தாள். அந்த 1862ஐ மட்டும் விற்கவில்லை. அப்பாவின் நினைவாக இருக்கட்டும் என்றாள். அறுவை நடந்தது, அவர் நலமாக இருக்கிறார். மூத்தவளோ, தன் காசுகள்தாம் பார்க்க அழகு என்று இன்றளவும் கூறுகிறாள். அழகு என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. நாங்கள் வாதிடுவதில்லை.

இனி, தரம் பிரிக்கும் முறையைச் சற்று விளக்குவோம். நிறத்தைப் பார்த்து மயங்குமுன் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் காசிலும் மேடான இடமே முதலில் தேயும். ஏழாம் எட்வர்டு ரூபாயில் காதும் அதற்கு மேலுள்ள மயிரும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடமும் மார்பில் தொங்கும் சங்கிலியின் யானையும். 1911ஆம் ஆண்டு ரூபாயில் இந்த யானையின் துதிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்துவிட்டன. மக்கள் அதனைப் பன்றி என்று கருதிச் சினங்கொண்டமையால் அக்காசு திரும்பப் பெறப்பட்டு, 1912இல் யானை திருத்தி வரையப்பட்டது. பன்றி ரூபாய் என்று இன்றும் அதற்குப் பெயர்.

தேய்மானத்தை அளக்க உலகெங்கும் வழங்கும் அளவுகோல் ஒன்று முதல் எழுபது வரை செல்வது. 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தம் நாட்டுப் பழைய செப்புச் சென்டுகளுக்காக அதனை அமைத்தார். உருவம் இன்னதென்று மட்டும் தெரிவது ஒன்று; அச்சினின்று விழுந்தபடியே குற்றமற்று இருப்பது எழுபது; அறுபதும் அதற்கு மேலும் புழங்காத காசுகளுக்கு உரியவை. (அளவுகோலை அமைத்தவரே, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தம் மட்டமான காசுகளை அவ்விடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் மறைந்தபின் வெளிப்பட்டது. காசை மட்டுமே அளக்க வல்ல கோல் போலும்!) 1986 முதல் அந்நாட்டில் நிறுவனங்கள் தோன்றிக் காசுகளைத் தரம் பார்த்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றன. துலக்கிய காசுக்கும் ஐயத்துக்குரிய நிறமுள்ள காசுக்கும் அந்நிறுவனங்கள் எண் தருவதில்லை. குறையைப் பெயர் சுட்டி எழுதிவிடுகின்றன.

நிறத்தில் ஐயம் ஏன் எழ வேண்டும்? நிறமுள்ள காசுக்கு விலை ஏறியதும் நிறமேற்றும் தொழிலும் உடன் தோன்றிவிட்டது. துலக்கிக் கெடுத்த காசைக் கந்தக மருந்தில் நனைப்பர், அடுப்பில் வாட்டுவர், வேகவைத்த முட்டையோடு மூடி வைப்பாரும் உண்டு. ஐம்பது ஆண்டுகள் செய்யும் வேலையை ஐந்து மணியில் முடிக்கப் பார்க்கும் வித்தை இது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன நிற வரிசை இங்கே உதவும். தானாக ஏறிய நிறம் பெரும்பாலும் விளிம்பிலிருந்து உட்புறம் நோக்கி, நீலம், ஊதா, செம்பொன், மஞ்சள் எனப் படிப்படியாக இறங்கும். மஞ்சளை அடுத்து ஊதா இன்றித் திடீரென நீலம் நின்றால் சந்தேகிக்க வேண்டும். உண்மை நிறம் உலோகத்தினுள் இருப்பதுபோல் தோன்றும். பொய் நிறம் மேலே பூசியதுபோல் மிதக்கும். எழுத்துகளை ஒட்டிய மிகச் சிறு இடம் உண்மைக் காசில் பெரும்பாலும் வெளிறியிருக்கும், ஏனெனில் பை துணியோ தாளோ அம்மூலையைத் தொடுவதில்லை. மருந்தில் நனைத்த காசில் அம்மூலையில்தான் மருந்து தேங்கி நிறம் அடர்ந்திருக்கும். கீறல்களுக்குள்ளும் நிறம் ஓடியிருந்தால், முதலில் தேய்த்துப் பின்னர் நிறம் ஏறியது என்பது வெளிப்படை. அது தானாக ஏறியதா, ஏற்றியதா என்பதை மற்ற அடையாளங்கள் சொல்லும்.

எங்கள் கருத்து ஒன்றையும் இடையே சொல்லிவிடுகிறோம். வானவில் நிறத்துக்கு இன்று சிலர் தரும் விலை சற்று மிகையே. தேய்ந்துபோன காசு எத்துணை வண்ணம் காட்டினும் தேய்ந்த காசே. மேலும், படலம் மிகத் தடித்துக் கருமையில் முடிந்த காசில் சுழலொளியும் அடங்கிவிடுகிறது. அதனை எவரும் போற்றுவதில்லை. நம் நாட்டுக் காசுகளில் வானவில் அரிது. அவை மடியிலும் சுருக்குப்பையிலும் மண்பானையிலும் வாழ்ந்தவை. நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் புறாக்கழுத்துச் சாம்பல். அந்தச் சாம்பல் நிறத்தை எங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

வண்ணக் காசுகளுக்குப் பேர்போனவை அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலர்கள். ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டிக் கருவூல அறைகளில் அடுக்கப்பட்டு, தலைமுறைக் கணக்கில் அசையாமல் கிடந்தமையால், பைத்துணியைத் தொட்ட பக்கத்தில் அவற்றுக்கு நிறம் ஏறிற்று. அவற்றுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. முதல் உலகப் போரின் இறுதியில், நோட்டுக்கு வெள்ளி ரூபாய் கேட்டு இந்திய மக்கள் திரண்டபோது, அரசிடம் வெள்ளி போதவில்லை. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றி, ஏறத்தாழ 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அவற்றுள் ஏறத்தாழ 25 கோடியே 90 இலட்சம் டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்கென ஆங்கில அரசுக்கு விற்கப்பட்டது. நம் பாட்டிமார் முடிந்து வைத்த 1918, 1919 ரூபாய்களில் அந்த டாலர்களின் வெள்ளி கலந்திருக்கக் கூடும். அன்றைய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் முற்றும் நீங்கி நிக்கல் வந்தது. பாதி வெள்ளிக் காசுகள் செம்பு மிகுதியால் வேறு விதமாக மங்கும். அவற்றில் அழகிய நிறம் காண்பது அருமை.

சென்னைக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. தங்கசாலைத் தெரு என்னும் பெயரே சான்று. 1841-42 அளவில் அங்கு அமைந்த நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. பின்னர் அவ்வளாகம் அரசாங்க அச்சகமாயிற்று. 1862 என்று பொறித்த ரூபாய்கள், ஆண்டு எண் மாற்றப்படாமலே 1874 வரை அச்சாயின. அவற்றுள் சில நம் ஊர்த் தங்கசாலையில் பிறந்தவை.

சிலர், நம் காசுகளையும் அயல்நாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று பெறலாமே என்று வினவுவர். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதனை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் கூடாது. மண்ணைத் தோண்டுகையில் கிடைக்கும் காசுகளுக்கு இன்னொரு சட்டம் உண்டு. 1878இல் இயற்றிய புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்ல சட்டமே. மாம்பலத்தில், இன்று தியாகராய நகரின் கடைவீதிகளில் நாம் இடிபட்டு நடக்கும் அப்பகுதியில், மண்ணுள்ளிருந்து பழைய முத்திரை வெள்ளிக் காசுகளும் அவற்றோடு அகுஸ்து சீசரின் தெனாரியம் ஒன்றும் கிடைத்தன. நற்செய்தியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டாரே, அந்த அகுஸ்துவேதான். அவருக்குப் பின் ஆண்ட திபேரியுவின் தெனாரியங்களும் தமிழகத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஆண்டவரிடம் வரி பற்றிக் கேட்டபோது காட்டப்பட்ட நாணயம் இவ்வகையே என அறிஞர் பலர் கருதுவர். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு இத்தகைய உரோமக் காசுகளுக்குப் புகழ் பெற்றது. மறைக்கல்வி மாணவர்களை ஒருமுறை அங்கு அழைத்துச் செல்லுதல் நன்று.

மண்ணிலும் ஆற்றிலும் கிடந்த காசின் நிறம் தனி வகை. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த சங்ககாலச் செப்புக் காசுகள் பலவும் கரும்பச்சைப் படலம் பூண்டவை. அப்படலத்தின் அடியில்தான் எழுத்தும் சின்னமும் நிற்கின்றன; எலுமிச்சை இட்டுத் தேய்த்தால் இரண்டாயிரம் ஆண்டு எழுத்து இரண்டு நிமிடத்தில் போய்விடும். செப்பில் இரு பச்சைகள் உண்டு என்பதையும் அறிய வேண்டும். இறுகி, வழவழப்பாக இருப்பது காசைக் காக்கும். பொடிப்பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு காசைத் தின்னும். உப்பும் ஈரமும் அதற்குத் தாய் தந்தையர். சாந்தோம், பெசன்ட் நகர் கடற்கரை வீடுகளில் செப்புக் காசு வைத்திருப்போர் மழைக்காலத்தில் அடிக்கடி பார்த்துக்கொள்வது அவசியம். பொன்னுக்கு இத்தொல்லை இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் கோவாவில் போர்த்துகீசியர் புனித தோமையாரின் உருவம் பொறித்து, 'சான் தோமே' என்றே பெயரிட்டு அடித்த பொற்காசுகள் நானூறு ஆண்டு கடந்தும் பொன்னிறமாகவே இருக்கின்றன.

காசுகளை எவ்வாறு வைப்பது என்று கேட்போருக்கு: ரப்பர் வளையம் கூடாது, அதில் கந்தகம் உண்டு, கம்பளித் துணியும் அவ்வாறே. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வழுவழுப்பான பி.வி.சி. ஆல்பங்கள் சில ஆண்டுகளில் பசை கசிந்து காசில் பச்சைக் கறை ஏற்றும்; மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைகளே தக்கவை. மூடி இறுகிய டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தைப் போட்டு வைக்கலாம். எடுக்கும்போது விளிம்பை மட்டும் விரல்களால் பிடிக்க வேண்டும். முகத்தைத் தொட்டால் வியர்வையின் உப்பு கைரேகையாகவே நிலைத்துவிடும். கீழே துணி விரித்துக்கொள்வது நன்று. ஞாயிறு திருப்பலி முடிந்து வரும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இவ்விதிகள் மனப்பாடம். கைகழுவித் துடைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, 1911 ரூபாயைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். மூத்தவன் யானை என்கிறான். சின்னவள் பன்றி என்பதில் உறுதியாக இருக்கிறாள்.